சிசியைப் பார்த்து ரம்பம் வாங்காதீர்கள்

காஞ்சிபுரத்தில் திருப்பருத்திக்குன்றத்தை ஒட்டிய வேகவதி ஆற்றில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம்தான் அதிகம் கண்ணில் படும். காய்ந்த கருவேலங்கட்டையில் கோடரி போட்டவருக்கு அதன் கெட்டி தெரியும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி அடித்த வர்தா போல ஒரு புயல் வந்து போனால், மறுநாள் காலையில் ஊர் தேடுவது கோடரியை அல்ல, பவர் சா வைத்திருப்பவரைத்தான்.

கிளை கழிக்க 35 சிசி போதும். மர டிப்போக்காரருக்கு 70 சிசிக்கு மேல் வேண்டும். நடுவில் 45 முதல் 60 சிசி வரை உள்ளவைதான் ஒரு விவசாயியோ ஒரு ஊராட்சியோ வாங்க நினைக்கும் மெஷின்கள். வாங்குகிறவர் ஏமாறுவதும் அங்கேதான்.

ஸ்டில் கம்பெனியின் இரண்டு மாடல்களைப் பாருங்கள். எம்எஸ் 271, எம்எஸ் 261 இரண்டுமே 50.2 சிசி. முன்னது 2.6 கிலோவாட், 5.6 கிலோ. பின்னது 3.0 கிலோவாட், 4.9 கிலோ. ஒரே சிசி, ஆனால் பின்னதில் சக்தி கூடுதல், எடை 0.7 கிலோ குறைவு. 271 பண்ணை வேலைக்காகச் செய்தது. 261 தினமும் மரம் வெட்டிப் பிழைப்பவருக்காகச் செய்தது. அதன் கிராங்க் கேஸ் மக்னீசியம், இன்ஜினும் அதிக வேகத்தில் சுற்றும்படி அமைந்தது. விலையும் அதற்கேற்ப ஏறும். ஹஸ்க்வர்னா கம்பெனியின் 550 எக்ஸ்பி மார்க் டூவும் 50.1 சிசி, 3.0 கிலோவாட், 5.3 கிலோ என்று 261-க்குப் பக்கத்தில் நிற்கிறது. இவற்றுக்குக் கீழே எம்எஸ் 250: 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. பழைய வடிவமைப்புதான், ஆனால் தோளுக்கு இதமானது. வருடத்தில் சில வாரம் மட்டும் வேலை உள்ளவருக்கு 271-ஐவிட இதைத்தான் நான் சொல்வேன். ஆகவே சிசியை விட்டுவிட்டு, கிலோவாட்டை எடையால் வகுத்துப் பாருங்கள். 261-க்கு 0.61 வரும், 250-க்கு 0.50, 271-க்கு 0.46.

கடையில் 58 சிசி என்று கொட்டை எழுத்தில் போட்ட விலை மலிவான சீன மெஷின்களும் கிடைக்கும். அவை எதற்கும் உதவாது என்று சொல்ல மாட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் மலிவு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். ஆனால் கிலோவாட் என்ன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சிசியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்ஜின் பழைய டிவிஎஸ் 50-இல் இருந்த அதே இரண்டு ஸ்ட்ரோக் வகைதான். வால்வு இல்லை, இன்ஜினுக்கென்று தனி ஆயில் அறையும் இல்லை. பெட்ரோலோடு கலந்த 2டி ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. வித்தியாசம் கார்புரேட்டரில். மொபெட்டில் மிதவை இருக்கும், சாய்த்தால் பெட்ரோல் வழியும். மரத்தில் ரம்பத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சில நேரம் தலைகீழாகக்கூடப் பிடிக்க வேண்டும். அதனால் இதில் மிதவைக்குப் பதில் மெல்லிய ரப்பர் சவ்வு ஒன்று பெட்ரோலை அளந்து விடுகிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். அதை மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைத்தால் முதலில் பழுதாவது இந்தச் சவ்வுதான். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். நல்ல 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி. மறந்து வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் கீறிப் பிடித்துக்கொள்ளும். செலவு புது மெஷினின் பாதி விலைக்குப் போகும்.

இத்தனை கிலோவாட்டும் மரத்தில் இறங்குவது செயினின் பல் வழியாகத்தான். இன்றைய பல்லின் வடிவம் ஒரு வண்டுப்புழுவிடமிருந்து வந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டையைக் குடைந்துகொண்டிருந்த புழு ஒன்றைக் கவனித்தார். அதன் தாடை இடமும் வலமும் மாறி மாறி அறுத்துக்கொண்டு போனது. அதையே இரும்பில் செய்தார்: இடப்பல், வலப்பல், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடு தீர்மானிக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும்போது செயின் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். அந்த வேகத்தில் பட்டைக்குள் ஒட்டிய மணல் பல்லை நிமிடங்களில் மழுக்கிவிடும். ஆற்றில் அடித்து வந்த கட்டையை அறுப்பவர் முதலில் பட்டையைச் சீவிவிடுவது அதனால்தான்.

கூர் போனதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நல்ல பல் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாக உதிர்க்கும், கை அழுத்தம் கேட்கும். மாவு வந்தால் நிறுத்துங்கள். இந்த அளவு மெஷின்களில் பெரும்பாலும் வரும் .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம் சரி. பல்லின் மேல் கோட்டை ஒட்டி 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் அரமும் போகும், பல்லும் போகும். கூரான 2.3 கிலோவாட், மழுங்கிய 3 கிலோவாட்டை முந்திவிடும்.

செயின் சுற்றி ஓடும் பட்டையான இரும்புதான் பார்; அதன் நுனியின் மேல் பாதி மட்டும் கட்டையில் பட்டுவிடக் கூடாது. பட்டால் செயின் கடித்து, மெஷின் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். முன் கைப்பிடிக்கு முன்னால் உள்ள தடுப்புதான் செயின் பிரேக்கை இயக்குகிறது. அது வேலை செய்யாத மெஷினைக் கையில் எடுக்காதீர்கள்.

கடைசியாக எடை. கேட்லாக்கில் உள்ள கிலோவில் பாரும் செயினும் பெட்ரோலும் சேராது. 16 இஞ்ச் பார் மாட்டி, பெட்ரோல் டேங்கையும் செயின் ஆயில் டேங்கையும் நிரப்பினால் சுமார் ஒன்றரை கிலோ கூடும். கடையில் அப்படி நிரப்பித் தரச் சொல்லி, ஐந்து நிமிடம் இடுப்பளவில் பிடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.