மண்ணுக்குள் ஓர் உயிருள்ள கிடங்கு

நைட்ரஜன் சுழற்சியை வரையச் சொன்னால் பெரும்பாலான மாணவர்கள் தயங்காமல் வரைந்துவிடுவார்கள். இலை உதிர்கிறது, நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன, சத்து மண்ணில் சேர்கிறது, வேர் உறிஞ்சுகிறது. நான்கு அம்புக்குறிகள், முழுப் புள்ளிகள்! ஆனால் அந்த அம்புக்குறிகளுக்கு நடுவே நடக்கும் ஒன்றைப் படம் காட்டுவதில்லை. சிதைந்த இலையின் சத்து முழுவதும் உடனே வேருக்குப் போவதில்லை. அதில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்ட எடுத்துக்கொள்கின்றன. அவை சாகும்வரை, அல்லது வேறு உயிரினம் அவற்றைத் தின்னும்வரை, அந்தச் சத்து அங்கேயே இருக்கும்.

மண்ணில் வாழும் பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றின் மொத்த நிறையை ‘நுண்ணுயிர்த்திரள்’ என்கிறோம். மண்ணிலுள்ள கரிமத்தில் இதன் பங்கு பொதுவாக 1 முதல் 5 விழுக்காடுதான். இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, உலக நிலப்பரப்பின் மேல் 30 சென்டிமீட்டர் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களில் மட்டும் சுமார் 1,670 கோடி டன் கரிமம் இருப்பதாகக் கணக்கிட்டது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி எடை போட்டார்கள்? ஒரே மண்ணை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதியை மூடிய கலனில் 24 மணி நேரம் குளோரோஃபார்ம் ஆவியில் வைத்தால் நுண்ணுயிர்களின் செல்கள் உடைந்து, உள்ளே இருப்பது வெளியே வரும். இரு பாதிகளையும் பொட்டாசியம் சல்பேட் கரைசலில் குலுக்கி வடிகட்டி, கரைந்து வந்த கரிமத்தை அளப்பார்கள். வித்தியாசம் நுண்ணுயிர்களிடமிருந்து வந்தது. எல்லாம் வெளியே வந்துவிடாது என்பதால் ஒரு திருத்தக் காரணியாலும் வகுக்க வேண்டும். குளோரோஃபார்ம் நச்சுத்தன்மை உடையது; பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்ய ஆசைப்பட வேண்டாம்.

எந்த நிலத்து மண்ணில் நுண்ணுயிர்த்திரள் அதிகம்? வகுப்பில் கேட்டால் ‘மழைக்காடு’ என்ற பதில்தான் முதலில் வரும். பாலைவனத்தில் மிகக் குறைவு என்பது சரி. உணவாகக் கரிமமும் இல்லை, நீரும் இல்லை. ஆனால் ஒரு கிலோ மண்ணுக்கு என்று பார்த்தால், பட்டியலின் மேல் பகுதியில் இருப்பது வட துருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதி! குளிரில் சிதைவு மெதுவாக நடப்பதால் அங்கே மக்காத தாவரப் பொருள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குவிந்துள்ளது. உணவு நிறைய, வேலை மெதுவு. நம் மழைக்காட்டு மண்ணில் நுண்ணுயிர்த்திரள் அதைவிடக் குறைவு. ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் அது வேகமாகப் பிறந்து இறந்து புதுப்பிக்கப்படுகிறது. தூந்திரம் வங்கியில் முடங்கிக் கிடக்கும் பணம் என்றால், மழைக்காடு பசார் மாலாம் கடைக்காரரின் கல்லாப்பெட்டி. பணம் கொஞ்சம்தான், ஆனால் ஓய்வே இல்லாமல் கைமாறுகிறது.

இந்தக் கல்லாப்பெட்டி நமக்கு ஏன் முக்கியம்? தீபகற்ப மலேசியாவின் பல இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. நைட்ரேட் நீரில் எளிதில் கரையும். களிமண் துகளைப் போலவே எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. பாஸ்பரஸின் சிக்கல் வேறு. நம் செம்மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுகப் பற்றிக்கொள்வதால் வேருக்குக் கிடைக்காது. நுண்ணுயிரின் உடலுக்குள் இருக்கும்வரை நைட்ரஜனை மழை அடித்துச் செல்லாது, பாஸ்பரஸை இரும்பும் பிடிக்காது. அந்த உடல்களில் இச்சத்துகள் செறிவாகவும் இருக்கின்றன. சராசரியாக மண்ணில் 186 கரிம அணுக்களுக்கு 13 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். நுண்ணுயிர்த்திரளில் 60க்கு 7, 1.

காட்டை அழித்தால் இலைச்சருகு நின்றுபோகிறது. உணவில்லாமல் இந்தக் கிடங்கு சுருங்குகிறது. வெளியான சத்தை அடுத்த மழை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதையை ஒதுக்கிவிடும் வேலை என்று நினைத்திருக்கலாம். அந்த அடுக்குகளின் கீழேதான் நுண்ணுயிர்களுக்கு விருந்து.

கிடங்கு திறக்கும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நைவட் ரிட்ஜ் என்ற மலைப்பகுதியில், பனிப் போர்வைக்கு அடியில் குளிர்காலம் முழுவதும் நுண்ணுயிர்த்திரள் பெருகுகிறது. பனி உருகும்போது பெருமளவு மடிந்து, தாவரங்கள் துளிர்க்கும் அதே சமயத்தில் நைட்ரஜனை விடுவிக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணை ஆராய்ந்த பர்ச் என்பவர் 1958இல் இன்னொன்றை விளக்கினார்: நன்கு காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் சத்து திடீரென வெளிப்படுகிறது.

இந்தக் கிடங்கு செடியோடு போட்டி போடுவதையும் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு பாலிபேக்குகளில் ஒரே மண்ணை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கைப்பிடி புதிய மரத்தூளைக் கலந்து (சாயம் பூசாத மரமாக இருக்கட்டும்), இரண்டிலும் மிளகாய் நாற்று நடுங்கள். மரத்தூளில் கரிமம் ஏராளம், நைட்ரஜன் மிகக் குறைவு. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் அந்தச் செடியின் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். பிறகு சிட்டிகை யூரியாவை நீரில் கரைத்து ஊற்றி, எத்தனை நாளில் பச்சை திரும்புகிறது என்று குறித்து வையுங்கள்.