வேங்கிக்கால் காட்டும் கணக்கு

திங்கட்கிழமை காலை. வேங்கிக்காலில், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில், மனுவும் கையுமாக மக்கள் நிற்கிறார்கள். பட்டாவுக்காக நடையாய் நடந்த உழவர். முதியோர் உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் மூதாட்டி. தங்கள் தெருவுக்குக் குடிநீர் கேட்டு வந்த இளைஞர். குறைதீர்க்கும் நாள் அது.

இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லைதான். ஆனால், 1989-க்கு முன்னால் இதே மூதாட்டி ஆட்சியரைக் காண வேண்டுமானால் வேலூருக்குப் போக வேண்டும். ஏறத்தாழ ஐம்பது மைல்! பேருந்துக் கட்டணம் ஒரு நாள் கூலி; காத்திருப்பு இன்னொரு நாள் கூலி; "நாளை வா" என்றுவிட்டால் மூன்றாம் நாளும் போயிற்று. ஏழையின் மனு பாதி வழியிலேயே செத்துப்போகும் தொலைவு அது.

சட்டமன்ற உறுப்பினர் என்பவர் யார்? அந்தத் தொலைவைக் குறைப்பவர். வேறு இலக்கணம் நாம் அறியோம். மாலைகளை எண்ணி அளப்பதா அவர் வாழ்வை? கோட்டைக்கும் குடிசைக்கும் இடையே எத்தனை மைலைக் குறைத்தார் என்று அளப்பதா? திருவண்ணாமலைத் தொகுதியின் பழைய ஏட்டைப் புரட்டினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த ஏட்டில் பலமுறை வரும் பெயர் ப.உ. சண்முகம்.

1956-ல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா என்று மக்களையே கேட்டு முடிவெடுத்தது கழகம். மறு ஆண்டே தேர்தல். கட்சிக்கு அங்கீகாரம் இல்லை. பொதுச் சின்னம் இல்லை. சுயேச்சைகள் என்ற பெயரில்தான் நம்மவர்கள் நின்றார்கள். பணமூட்டை ஒரு பக்கம், பழம்பெரும் கட்சி ஒரு பக்கம். நடுவே சைக்கிளும், சுண்ணாம்பு வாளியும், தொண்டைத் தண்ணீருமே நம்மவர் முதல். 205 இடங்கள் கொண்ட மன்றத்தில் 15 பேர் வென்றார்கள். காஞ்சியில் அண்ணா, குளித்தலையில் கலைஞர், திருவண்ணாமலையில் சண்முகம்! நாடாளுமன்றத்துக்குக் கழகம் அனுப்பிய இருவரில் ஒருவரும் திருவண்ணாமலை தந்தவரே: இரா. தர்மலிங்கம். மற்றவர் நாமக்கல்லில் வென்ற ஈ.வெ.கி. சம்பத்.

கோவில் ஊராயிற்றே, பகுத்தறிவு பேசுவோருக்கு அங்கே எப்படி வாக்கு விழுந்தது என்று வியப்போர் இன்றும் உண்டு. வியக்க என்ன இருக்கிறது? கார்த்திகைத் தீபம் காண மலையடிக்கு வந்த உழவன், வீடு திரும்பியதும் தன் வீட்டு விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்க்கிறான். ஏரி நீரையும் மானாவாரி மணிலாவையும் நம்பிப் பிழைப்பவன் அவன். அவன் வழிபாடு அவனுடையது. வாக்கு அவன் வயிற்றின் குரல். அந்தக் குரலைக் கேட்கச் சென்றவர்களுக்கு அவன் கதவைத் திறந்தான்.

எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த 15 பேரால் என்ன செய்ய முடியும்? அணை கட்ட முடியாது. சாலை போட ஆணையிட முடியாது. கேள்வி நேரம் உண்டு. வெட்டுத் தீர்மானம் உண்டு. ஒத்திவைப்புத் தீர்மானம் உண்டு. அவையே ஆயுதங்கள். ஊரில் ஒருவன் காதோடு சொன்ன குறை, மன்றத்தில் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகிறது. குறை தீராமற் போகலாம். ஆனால் "கேட்பாரில்லை" என்ற சொல் பொய்யாகிறது. சிற்றூர்களுக்கு மக்களாட்சி முதலில் வந்து சேர்ந்த வழி அதுதான்.

1962 வந்தது. கழகம் 50 இடங்களாக வளர்ந்தது. ஆனால் காஞ்சியில் அண்ணாவே தோற்றார், திருவண்ணாமலையில் சண்முகமும் தோற்றார். ஆளுங்கட்சிக்குக் காட்ட அணை இருந்தது. தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணையைக் கட்டி முடித்தவர்கள் அவர்கள்; அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நல்லது செய்தவன் எவனாயினும் நல்லது நல்லதே.

தோற்றவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாரா? இல்லை. அடுத்த ஆண்டே இடைத்தேர்தல் வந்தது. ஆட்சி அவர்கள் கையில். அமைச்சர்கள் அவர்கள் பக்கம். 1963-ல் அந்த இடைத்தேர்தலில் வென்றவர் சண்முகம்! ஓர் ஆண்டுக்கு முன் கைவிட்டவர்களே கைகொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் காமராசர் முதலமைச்சர் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குச் சென்றார். அடியில் மண் சரிவதை அந்தப் பெரியவர் உணரவில்லை என்று எவர் சொல்ல முடியும்?

அடுத்ததுதான் நாம் மறக்கவே கூடாத பாடம். 1967! நாடெங்கும் உதயசூரியன், 234-ல் 137 இடங்கள் கழகத்துக்கு. அண்ணா முதலமைச்சர்! ஆனால் முதல் பதினைந்தில் ஒன்றைத் தந்த திருவண்ணாமலை அந்த ஆண்டு காங்கிரசைத் தேர்ந்தெடுத்தது. ஊரெல்லாம் வெள்ளம் வந்தபோது இந்த ஏரி மட்டும் நிரம்பவில்லை. ஏன்? வாக்காளர் எவருக்கும் அடிமை ஓலை எழுதித் தந்தவரல்லர் என்பதே விடை. 1957-ல் கொடுத்தார், 1962-ல் எடுத்தார், 1963-ல் கொடுத்தார், 1967-ல் எடுத்தார். கடன் கொடுத்தவர் கணக்குப் பார்ப்பது குற்றமா?

1971-ல் கழகம் 184 இடங்களை வென்றபோது திருவண்ணாமலையும் சண்முகத்தை மீண்டும் அனுப்பியது. கலைஞர் அமைச்சரவையில் அவர் இடம்பெற்றார். 1977-ல் கழகம் 48 இடங்களோடு எதிர்வரிசைக்குத் திரும்பியபோதும் இத்தொகுதி அவரையே தேர்ந்தது.

அதன் பிறகு? எழுதும் கை சற்றே தயங்குகிறது. அவர் கழகத்தை விட்டுப் போனார். அ.தி.மு.க.வின் பொதுச்செயலாளராகவும் ஆனார். காயம்தான்; இல்லையென்று சொல்ல மாட்டோம். போனவரின் பெயரை ஏட்டிலிருந்து சுரண்டிவிடலாமே என்று சொல்லும் தோழர்களும் உண்டு. கூடாது! 1957-ல் அவருக்காகச் சுவரெழுதிய தொண்டனின் உழைப்பையும் சேர்த்தல்லவா சுரண்டிவிடுவோம்? அவர் பிரிந்தது நம் வருத்தம். அவர் வென்றது மக்களின் வரலாறு. வருத்தத்துக்காக வரலாற்றைத் திருத்துவது பகுத்தறிவாளர் செயலன்று.

காலம் ஓடியது. 1989-ல் கழகம் மீண்டும் ஆட்சிக்கு வந்தது, திருவண்ணாமலையில் கு. பிச்சாண்டி வென்றார். அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், கலைஞர் ஆட்சியில், வடாற்காடு மாவட்டம் இரண்டாயிற்று. திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. இன்று வேலூர்ச் சாலையில், வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகம் நிற்கிறது. ஐம்பது மைல் நடந்து போக வேண்டியிருந்த அதிகாரம், ஏரிக்கரை ஊருக்கு நடந்து வந்தது!

இது ஒருவர் சாதனையா? அல்ல. கேள்வி கேட்கப் போன முதல் பதினைந்து பேர், தோற்றும் ஊரை விட்டு ஓடாத வேட்பாளர், கொடுத்தும் எடுத்தும் கட்சிகளுக்குக் கற்பித்த வாக்காளர் எல்லோரும் சேர்ந்து போட்ட பாதை அது.

இன்று சட்டமன்றம் செல்ல விரும்பும் இளைஞர்களே, ஒரு திங்கட்கிழமை வேங்கிக்காலுக்கு வந்து அந்த வரிசையின் கடைசியில் நில்லுங்கள். முன்னே நிற்கும் மூதாட்டியின் கையிலிருக்கும் மனுவை வாங்கிப் படியுங்கள். எத்தனையாவது மனு என்று கேளுங்கள். தொலைவு குறைந்தும் அவர் மறுபடி வந்து நிற்கிறார் என்றால், இன்னும் மைல்கள் மிச்சம் இருக்கின்றன என்று பொருள். அவை சாலையில் இல்லை, கோப்புகளில் இருக்கின்றன. அவற்றைக் குறைக்கப் புறப்படுவோர் வாக்குக் கேட்டு வரட்டும். மற்றவர்களுக்கு வேங்கிக்கால் கணக்குச் சொல்லும்.