குற்றம் கண்டவரின் சொந்த வீடு

உலகத்து வெப்சைட்டுகளுக்கெல்லாம் மார்க் போட்டவர் ஜேகப் நீல்சன். அவருடைய சொந்தத் தளமோ பார்க்க லட்சணமாக இல்லை என்பது ஊரறிந்த கேலி. ஆனாலும் தளத்தை யார் பேச்சைக் கேட்டுத் திருத்துவது என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதில் இன்னும் எடுபடுகிறது.

மேலே ஒரு தலைப்பு. கீழே வெளிர் மஞ்சளில் கொஞ்சம், வெளிர் நீலத்தில் கொஞ்சம். மற்றதெல்லாம் எழுத்து, எழுத்து, எழுத்து. படம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. யூஸ்இட் டாட் காம் என்ற அந்தத் தளத்துக்குப் போனவர்களில் பலர், பக்கம் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தால் ஆச்சரியமில்லை. முழுசாகவே வந்துவிட்டிருந்தது.

தளத்தின் சொந்தக்காரர் நீல்சன், டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கம்ப்யூட்டர் நிபுணர். 1998 வரை சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தார். ஒரு வெப்சைட்டில் சாதாரண மனிதர் எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். 1995 முதல் தம் தளத்தில் தொடர்ந்து எழுதினார். 1996இல் அவர் வெளியிட்ட பத்துத் தவறுகளின் பட்டியல் தளம் வைத்திருந்த பலரையும் குத்தியது. ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்துகள், ஓயாமல் ஆடும் படங்கள், பழசாகிப்போன தகவல்கள், இறங்க யுகமெடுக்கும் பக்கங்கள். அந்தக் காலத்துத் தனிநபர் தளங்களின் அங்க அடையாளங்களே இவைதான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு புகைப்படம், 28.8 வேக மோடத்தில் லைன் ஒழுங்காக இருந்தாலே இறங்க அரை நிமிடம் ஆகும். ஒழுங்காக இருப்பது அபூர்வம். பூ உதிரும் படமும் பார்வையாளர் எண்ணிக்கை மீட்டருமாக ஹோம் பேஜை அலங்கரித்தவருக்கு இது தெரியாது. அவர் கம்ப்யூட்டரிலேயே படம் இருந்ததால் அவருக்கு மட்டும் அது கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடும்.

கோளாறு இங்கேதான் இருக்கிறது. தன் தளத்தைத் தானே பார்ப்பவருக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும். தட்டுத்தடுமாற வாய்ப்பே இல்லை. எனவே அடுத்தவர் வேண்டும். எந்த அடுத்தவர்?

தமிழில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. நூலை எழுதியவர் அதைச் சபையில் அரங்கேற்ற வேண்டும். குறை கண்டவர் எழுந்து சொல்லலாம். ஆனால் வெப்சைட் விஷயத்தில் நக்கீரர்களுக்குப் பஞ்சமில்லை. கலர் சரியில்லை, எழுத்து சிறிசு என்று அவர்கள் தாமாகவே கடிதம் போடுவார்கள். தேடியது கிடைக்காமல் விழித்த ஆசாமி கடிதம் எழுதுவதில்லை. சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார். அவரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

நீல்சனின் வழி எளிமையானது. அபிப்பிராயம் கேட்காதீர்கள், ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பாருங்கள். 'என் தளம் எப்படி?' என்றால் நண்பர் 'பிரமாதம்' என்பார். 'என் விலாசத்தைக் கண்டுபிடித்துச் சொல்' என்றால் அதே நண்பர் மூன்று பக்கம் சுற்றிவிட்டு அசடு வழிவார். அப்போது உதவிக்குப் போகக் கூடாது. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடச் சொல்ல வேண்டும். உரிமையாளருக்கு இது கொஞ்சம் சித்திரவதைதான். பயனாளிகள் பேச்சைக் கேட்காதீர்கள், செய்வதைக் கவனியுங்கள் என்று 2001இல் அவர் எழுதியதன் அர்த்தம் இதுவே.

எத்தனை பேர் வேண்டும்? ஐந்து பேர் போதும் என்றார் 2000இல். ஒரு ஆள் சராசரியாக 31 சதவீதக் கோளாறுகளைக் காட்டிக்கொடுப்பார். ஐந்தாவது ஆள் முடிக்கும்போது 85 சதவீதம் வெளிவந்துவிடும். அதற்கு மேல் பார்த்ததையே பார்க்க வேண்டியதுதான் என்பது கணக்கு. பலர் வசதியாக மறந்துவிட்ட இன்னொரு பாதி இதில் உண்டு. பதினைந்து பேர் கிடைத்தால் ஒரேயடியாக உட்காரவைக்காமல் ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் தளத்தைத் திருத்த வேண்டும். திருத்தமே புதுக் கோளாறைக் கொண்டுவரும் என்பதால். எதிர்ப்பும் வந்தது. ஜாரட் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பெரிய விற்பனைத் தளங்களைச் சோதித்து, முதல் ஐந்து பேரிடம் மூன்றில் ஒரு பங்கு அளவு கோளாறுகளே தெரிந்ததாக 2001இல் அறிவித்தார்கள். பெரிய கடைக்கு அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நாலைந்து பக்கம் உள்ள சொந்தத் தளத்துக்கு ஐந்து பேரே தாராளம்.

தமிழில் தளம் வைத்தவர்களுக்கு வந்த புகார் இன்னும் அடிப்படையானது: ஒன்றுமே படிக்க முடியவில்லை. 90களில் ஆளுக்கொரு எழுத்துரு, அதற்கு ஆளுக்கொரு குறியீட்டு முறை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கவிதையும் கட்டுரையும் கிறுக்கலாகத் தெரிந்தன. இதைப் பக்கத்தின் வண்ணத்தை மாற்றித் தீர்க்க முடியாது. பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்தே டிஸ்கி என்ற பொது முறையை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்று இரண்டு முறைகள் வந்தன. கடைசியில் யூனிகோடு பரவியபோதுதான் புகார் ஓய்ந்தது.

சரி, குற்றம் கண்டவர் தம் வீட்டை என்ன செய்தார்? படங்கள் ஏன் இல்லை என்று தளத்திலேயே விளக்கம் வைத்திருந்தார்: பக்கம் வேகமாக இறங்க வேண்டும், தவிர, தாம் வடிவமைப்பாளரும் அல்ல. வடிவமைப்பாளர்கள் சமாதானமாகவில்லை. 2004இல் ஐந்து பேர் கூட்டாகச் சேர்ந்து, அப்போது பிரபலமான ஒரு டிவி நிகழ்ச்சியின் பெயரைக் கேலியாக மாற்றிவைத்து, அவருடைய கட்டுரைப் பக்கம் ஒன்றைக் கேட்காமலேயே அழகுபடுத்திக் காட்டினார்கள். கேலியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. நீல்சனின் வரிகள் திரையின் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கும் ஓடும். அகலத் திரையில் ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேட வேண்டியிருந்தது. படிக்க வசதியைப் பற்றிப் பேசிய தளத்தில் இது சின்னக் குறையல்ல. ஆனாலும் அவர் அசையவில்லை.

கண்ணால் கண்ட சாட்சிக்கு மட்டும் வளைந்துகொடுத்தார். நீளமான பக்கத்தை மக்கள் கீழே தள்ளிப் பார்ப்பதில்லை என்று 1996 பட்டியலில் தவறாகக் குறித்தவர், மக்கள் பழகிக்கொண்டதைச் சோதனைகளில் பார்த்ததும் 1997இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பிளாஷ் மென்பொருளை 99 சதவீதம் மோசம் என்று 2000இல் சாடியவர், இரண்டே ஆண்டில் அதன் தயாரிப்பாளரான மேக்ரோமீடியாவோடு சேர்ந்து பிளாஷைச் சரியாகப் பயன்படுத்த வழிகாட்ட முன்வந்தார். விலைபோய்விட்டார் என்றுகூடச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம்.

பழைய தளத்தின் கட்டுரைகள் பிற்பாடு அவருடைய நிறுவனத்தின் தளத்துக்குக் குடிபெயர்ந்தன. மஞ்சளும் நீலமும் போயின. 2023இல் அந்த நிறுவனத்திலிருந்து விலகிய நீல்சன், யுஎக்ஸ் டைகர்ஸ் என்ற பெயரில் மீண்டும் தனியாக எழுத ஆரம்பித்தார். அந்தக் கட்டுரைகளில் திரும்பிய பக்கமெல்லாம் படங்கள், செயற்கை நுண்ணறிவு வரைந்தவை.