விக்ரோலியில் ஒரு வாள் ஆட்டம்

வெட்டுவதற்கல்ல, ஆடுவதற்கென்றே வாள் எடுக்கும் கலை ஒன்று ஜப்பானில் இருக்கிறது. 'கென்பு' என்று பெயர். ஒருவர் கவிதை பாட, மற்றவர் வாளும் விசிறியும் ஏந்தி அதற்கேற்ப ஆடுவார். 1876-ல் ஜப்பான் அரசு பொது இடங்களில் வாள் தரிக்கத் தடை விதித்தது. பிழைப்பு இழந்த சாமுராய் வீரர்களின் வித்தை மேடையேறி ஆட்டமாகிப் பிழைத்துக்கொண்டது. இன்று கியோட்டோவுக்குச் செல்லும் பயணிகள்கூட அதைச் சிறிது நேரம் பழகிப் பார்க்கலாம்.

நம் நாட்டிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். 1878-ல் ஆங்கில அரசு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்க முடியாது என்றானது. ஆனாலும் கோல்ஹாப்பூரின் தாலீம்களில் பழைய மராட்டியப் போர்வித்தை 'மர்தானி கேள்' என்ற பெயரில் விளையாட்டாக உயிரோடு இருந்தது.

அதை நான் கண்டது நம் விக்ரோலி கன்னம்வார் நகரில், ஒரு பிப்ரவரி 19-ஆம் தேதி, சிவாஜி ஜெயந்தி ஊர்வலத்தில். முதலில் என்னை நிறுத்தியது தாளம். அவர்கள் 'ஹல்கி' என்று சொல்லும் தோற்கருவி நம் பறைக்கு நெருங்கிய சொந்தம். வட்டச் சட்டம், இரண்டு குச்சிகள், அதே அதிர்வு. பிறகு ஓர் இளம்பெண் 'தாண்ட்பட்டா' எடுத்து முன்னால் வந்தாள்.

நாற்பது வருடம் இரும்போடு புழங்கியவன் என்பதால் என் கண் அந்தக் கருவியின் அமைப்பின் மேல்தான் போனது. முழங்கை வரை மூடும் இரும்புக் கவசம். அதற்குள் குறுக்கே ஒரு கைப்பிடி. நுனியில் நீண்ட, வளைந்து கொடுக்கும் அலகு. கையும் வாளும் ஒரே நேர்க்கோடு. ஆகவே மணிக்கட்டைத் திருப்பவே முடியாது. விசை முழுவதும் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரவேண்டும். உடம்பே சுழன்றால்தான் வாள் சுழலும். இந்தச் சண்டை ஏன் ஆட்டம் போலத் தெரிகிறது என்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குப் பட்டது. சுழன்றுகொண்டே வந்த பெண், தரையில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக இரண்டாக்கினாள். கூட்டம் மூச்சு விடவில்லை.

1660-ல் பாவன்கிண்ட் கணவாயில் எதிரிகளைத் தடுத்து நின்று உயிர் கொடுத்த பாஜி பிரபு தேஷ்பாண்டேயை இரு கைகளிலும் இந்தப் பட்டாவோடு சித்திரிப்பது வழக்கம். 2024-ல் மகாராஷ்டிர அரசு இதை மாநில ஆயுதமாக அறிவித்தது.

ஆட்டம் முடிந்ததும் குழுவின் வஸ்தாத் என்னிடம் வந்து உட்கார்ந்தார். ஆசானை அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். நம் சென்னைப் பக்கத்து 'வஸ்தாது'தான். "காகா, உங்கள் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டார். சிலம்பத்தைப் பற்றிச் சொன்னேன். கம்பில் தொடங்கி மான்கொம்பு, சுருள்வாள் என்று போகும் வரிசையையும், எங்களுக்கு மணிக்கட்டுதான் எல்லாம் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அடுத்த வருடம் உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், சேர்ந்து ஆடலாம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் கம்பு பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

அந்த அழைப்பு சாதாரணமானதல்ல. 1960-களில் இந்த நகரில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த கோஷங்களைக் கேட்டவர்கள் நம் மூத்த தலைமுறையினர். ஊர்வலம் வந்தால் ஜன்னலைச் சாத்திய பெரியவர்களை நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இன்று அதே ஊர்வலத்திலிருந்து ஒருவர் நம் கலையைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார். வெறுங்கையோடு போவதா?

சிலம்பம் அழிந்துவிட்ட கலையும் அல்ல. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மலேசியத் தமிழர்களும் போற்றி வளர்க்கிறார்கள். மராட்டியருக்கும் நமக்கும் உறவு புதிதல்ல. தஞ்சையை மராட்டிய மன்னர்கள் 1855 வரை ஆண்டதை யாரும் மறக்கவில்லை.

நெல்லையிலும் தூத்துக்குடியிலும் சிறுவயதில் கம்பு சுற்றிப் பழகிய அன்பர்கள் நம் சங்கத்தில் கட்டாயம் இருப்பார்கள். வயதாகிவிட்டது என்று தயங்க வேண்டாம். காலடி வரிசை சொல்லிக்கொடுக்க வயது தடையில்லை. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போதும். மூங்கில் கம்புகள் வாங்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பெண் பிள்ளைகளையும் தவறாமல் அனுப்புங்கள். அன்று எலுமிச்சம்பழத்தை வெட்டியது ஒரு பெண்தான்.