எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நேர்க்கோடு: நந்தம்பாக்கம் போர்க் கல்லறை சொல்லும் கணக்கு

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு பிடித்து, கத்திப்பாராவில் போரூர் பக்கம் திரும்பி ஆபீஸ் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் நந்தம்பாக்கத்தில் மெட்ராஸ் போர்க் கல்லறையைத் தினமும் தாண்டித்தான் போகிறீர்கள்.

1952-ல் அமைக்கப்பட்ட இடம் இது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். தென்னிந்தியா, கிழக்கிந்தியாவில் தொடர்ந்து பராமரிக்க உத்தரவாதம் இல்லாத கல்லறைகளிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்கள்.

வரிசைக்கு நேராக நின்றால் நேர்க்கோடு தெரிவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், நாலு எட்டு நகர்ந்தால் குறுக்கே இன்னொரு வரிசை திறக்கும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் மூன்றாவது. இதையெல்லாம் யாராவது தனித்தனியாகக் கோடு போட்டு வைத்தார்களா?

தேவையே இல்லை. ஒரு கல்லிலிருந்து பக்கவாட்டில் ஒன்று, முன்னால் ஒன்று தள்ளிப் போங்கள். அங்கேயும் ஒரு கல் இருக்கும். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் மூலைவிட்டக் கோடு ரெடி. செஸ் குதிரை மாதிரி ரெண்டு பக்கவாட்டில், ஒன்று முன்னால் என்று போனாலும் இதே கதைதான். இடைவெளி மாறாமல் இருந்தால் போதும். கட்டம் சதுரமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆனால், எல்லாக் கோடும் ஒரே மாதிரி தெளிவாகத் தெரியாது. ஏன்? உதாரணத்துக்கு, 3 மீட்டர் சதுரக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். நேர் வரிசைகளுக்கு நடுவே 3 மீட்டர் சந்து. மூலைவிட்டத்தில் அது சுமார் 2.1 மீட்டர். குதிரைப் பாதையில் 1.3 மீட்டர்தான். சந்து குறுகக் குறுக, ஒரே கோட்டில் இருக்கும் கற்கள் தள்ளித் தள்ளிப் போகும்: 3 மீட்டர், 4.2, 6.7. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், எப்போதும் ஏறக்குறைய 9 வரும். ஒரு கல்லுக்கு உரிய இடம் 9 சதுர மீட்டர் என்பதால்தான் அப்படி. ஒரு கட்டத்தில் கல்லின் அகலமே சந்தை அடைத்துவிடும். அதற்கு மேல் கோடு கண்ணுக்குத் தெரியாது.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு கொள்கையும் இருக்கிறது. பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்று 1918-ல் ஃபிரெடெரிக் கென்யன் தன் அறிக்கையில் பரிந்துரைத்தார். அதன்படி அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுதான்.

எல்லா இடத்திலும் அது நடந்ததா? இல்லை. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் உட்பட 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே பொறிக்கப்படவில்லை என்று 2021-ல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் விசாரணைக் குழு சொன்னது. ஆணையமும் மன்னிப்புக் கேட்டது.

கட்டத்தில் ஒரு கல் காணாமல் போனால் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்துவிடும். முதலிலேயே வைக்கப்படாத கல்லை எந்த வரிசையும் காட்டிக்கொடுக்காது. பெயர்ப் பதிவேடுகளை எடுத்துவைத்துத்தான் தேட வேண்டும்.