எழுபதுக்குள் ஓர் எச்சரிக்கை

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவேது! "குற்றாலத்தில் தண்ணீர் எப்படி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அந்த வேலையை வீட்டுக் கம்ப்யூட்டரிடமே ஒப்படைக்கலாம், சகோதரிகளே!

சிம் அட்டை போட்ட டாங்கிள் மோடத்தைக் கம்ப்யூட்டரில் செருகி, எஸ்.எம்.எஸ். அனுப்பும் மென்பொருளில் உறவினர்களின் எண்களையும் செய்தியையும் கொடுத்தால், அது வரிசையாக அனுப்பிவிடும். 1992-ல் உலகின் முதல் எஸ்.எம்.எஸ். போனதே இங்கிலாந்தில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான்! இண்டர்நெட் இல்லாத சாதாரண போனுக்கும் போய்ச் சேரும் என்பதே இதன் பெருமை.

ஆனால் நம் தமிழுக்கு ஒரு நெருக்கடி. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கு 70 இடமே. அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி இடம் கேட்கும். 'குற்றாலம்' நமக்கு ஐந்தெழுத்து, கம்ப்யூட்டருக்கு ஒன்பது! எழுபதைத் தாண்டினால் ஒரு செய்தி இரண்டாகக் கணக்காகும்.

2024 மே 17 அன்று, சாரல் காலம் பிறக்கு முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுச் சிறுவனின் உயிரைக் கொண்டு போயிற்று. காட்டு வெள்ளம் நம் செய்திக்குக் காத்திராது. வெளியூரார் கிளம்புமுன் எச்சரிப்பதுதான் நம்மால் ஆவது. "குற்றால அருவியில் வெள்ளம், குளிக்க வராதீர்கள்" என்பதற்கு 45 இடம் போதும். மீதியில் தேதியையும் மணியையும் போடுங்கள். அணைத்து வைத்த போனுக்குச் செய்தி தாமதமாகத்தான் போகும். மறுநாள் படிப்பவர் அன்றைய வெள்ளம் என்று எண்ணிவிடக் கூடாதல்லவா?