பந்தயம் கட்டுபவருக்கும் ஒரு சங்கமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

குதிரைச் சொந்தக்காரர்களுக்குச் சங்கம் உண்டு. பயிற்சியாளர்களுக்கு உண்டு. அமெரிக்க ஜாக்கிகள் 1940-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். கேலரியில் ரேஸ் புக்கும் பென்சிலுமாக நிற்கிறவருக்குத்தான் எதுவும் இல்லாமல் இருந்தது. வட அமெரிக்காவில் 2008-ல் பந்தயம் கட்டுபவர்களே கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2015-ல் பிரிட்டனிலும் ஒரு மன்றம் வந்தது. இதைச் சொன்னால் பலரும் கேட்கிற கேள்விகள் இவை.

சூதாடிகளுக்கு எதற்குச் சங்கம்?

ரேஸில் வீட்டைத் தொலைத்தவர் கதை நம் ஊரில் எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் அனுமதித்து நடக்கிற விளையாட்டு இது. பரிசுப் பணம், ஊழியர் சம்பளம், அரசுக்கு வரி என எல்லாவற்றுக்கும் பெரும்பாலான ஊர்களில் முக்கிய ஊற்று, சீட்டு வாங்குபவரின் பணம்தான். கொடுப்பவர் கணக்குக் கேட்பது சூதாட்டத்தை வளர்க்காது. கணக்குத் தெரிந்தவர் கொஞ்சம் நிதானமாகத்தான் கட்டுவார் என்பது என் எண்ணம்.

அப்படி என்ன கணக்கு?

டோட் முறையில் நீங்கள் கிளப்பை எதிர்த்துக் கட்டுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவரை எதிர்த்துக் கட்டுகிறீர்கள். எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பில் சேரும். அதிலிருந்து முதலில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, மீதியை ஜெயித்த சீட்டுகளுக்குப் பிரித்துத் தருவார்கள். அந்தப் பிடித்தம்தான் சண்டைக்கே காரணம்.

பிடித்தம் நூற்றுக்கு 20 என்று வையுங்கள். “இருபதுதானே” என்று தோன்றும். ஆனால் ஒரு நாளில் எட்டு ரேஸ் என்றால், கையில் வந்ததை மறுபடி மறுபடி கட்டுவதுதான் பழக்கம். நூறு ரூபாயோடு போனவர் எல்லா ரேஸிலும் சராசரியாகவே ஆடினாலும், முதல் ரேஸுக்குப் பிறகு 80, அடுத்து 64, பிறகு 51 என்று தேய்ந்து, எட்டாவது ரேஸ் முடியும்போது கையில் சுமார் 17 ரூபாய்தான் மிஞ்சும். பிடித்தம் 16 ஆக இருந்தால் அதே ஆள் சுமார் 25 ரூபாயோடு வீடு திரும்புவார். நாலு சதவீத வித்தியாசம் செய்கிற வேலை இது. எந்தக் குதிரை ஓடும், எந்த ஜாக்கி ஏறுகிறார் என்று மணிக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட இந்த எண்ணைக் கேட்பதில்லை.

சங்கம் வைத்து என்ன சாதித்தார்கள்?

கலிஃபோர்னியாவில் 2011 ஜனவரி முதல், இரண்டு குதிரைகளைச் சேர்த்துக் கட்டும் சீட்டுகளுக்கு 2 சதவீதமும், மூன்றும் அதற்கு மேலும் சேர்த்துக் கட்டுபவற்றுக்கு 3 சதவீதமும் பிடித்தத்தைச் சட்டம் போட்டே ஏற்றினார்கள். கூடுதல் பணம் பரிசுத் தொகைக்கு, அதாவது குதிரைச் சொந்தக்காரர்கள் பக்கம் போயிற்று. பந்தயம் கட்டுபவர்கள் புறக்கணித்துப் பார்த்தார்கள், சட்டம் அசையவில்லை. 2014-ல் கென்டக்கி டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம், முதலில் வரும் குதிரை மீது கட்டும் வின் பந்தயத்துக்கான பிடித்தத்தை 16-லிருந்து 17.5 ஆக்கியது. மறுபடியும் புறக்கணிப்பு. ஆனால் டெர்பி நாளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். திருவிழாக் கூட்டத்துக்குப் பிடித்தம் ஒரு பொருட்டா?

திருப்பம் அதே கென்டக்கியில் உள்ள கீன்லேண்டில் நடந்தது. அவர்களும் 2017-ல் அதே 17.5-க்கு ஏற்றினார்கள். அந்த இலையுதிர் காலப் பந்தயங்களில் வசூல் விழுந்தது. அடுத்த ஆண்டு வசந்தகாலப் பந்தயத்துக்குள் பழைய 16-க்கே இறங்கி வந்தார்கள். மற்ற சீட்டுகளில் சிலவற்றுக்கு உயர்வு அப்படியே இருந்தது. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. தினமும் ஆடுகிறவர்களை நம்பி ஓடும் மைதானம் வளைந்து கொடுத்தது. திருவிழாவை நம்பும் மைதானம் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மினசோட்டாவின் கேன்டர்பரி பார்க் 2016-ல் தானாகவே பிடித்தத்தைக் குறைத்தது. எதிர்பார்த்த அளவு பந்தயப் பணம் வராததால் அடுத்த ஆண்டே கைவிட்டது. குறைத்தால் ஆட்கள் ஓடி வருவார்கள் என்ற வாதத்துக்கு இது நல்ல அடி.

பிரிட்டனில் ஆணையமே மன்றம் அமைத்தது நல்லதுதானே?

பாதி நல்லது. அங்கே குதிரைப் பந்தயத்தை நிர்வகிக்கும் ஆணையமே நாற்காலி போட்டுக் கொடுத்தது. ஆனால் அந்த ஊர் ரசிகரின் பெரிய குறை டோட் அல்ல, பந்தயத்தைத் தாங்களே ஏற்கும் புக்கிகள். தொடர்ந்து ஜெயிக்கிறவரின் கணக்கை அவர்கள் முடக்கிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2014 முதல், குறைந்தபட்சம் இவ்வளவு தொகைக்காவது பந்தயத்தை ஏற்றே ஆக வேண்டும் என்று புக்கிகளுக்கு விதி இருக்கிறது. பிரிட்டனில் அது இன்னும் கோரிக்கைதான். பந்தயம் கட்டுபவரின் பண வசதியைச் சோதிக்கும் திட்டத்தை எதிர்த்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு, 2024 பிப்ரவரி 26 அன்று நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. ஆனால் அந்த மனுவைத் தொடங்கியவர், மைதானங்களை நடத்தும் ஜாக்கி கிளப்பின் அப்போதைய தலைமை நிர்வாகி. ரசிகரின் நலனும் முதலாளியின் நலனும் ஒன்றாக இருந்த விஷயம் என்பதால் அது அவ்வளவு தூரம் போயிற்று.

ரசிகர் குரல் என்றால் பணம் மட்டும்தானா?

இல்லை. ஜப்பானில் 1956-ல் தொடங்கிய அரிமா கினென் பந்தயத்தில் எந்தக் குதிரைகள் ஓடலாம் என்பதற்கு ரசிகர்களே வாக்களிக்கிறார்கள்.

நம் சென்னை கிண்டியில்?

1974-ல் தமிழக அரசு பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது திறமை சார்ந்த விளையாட்டு என்றது. 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து நிலத்தை அரசு கையில் எடுத்தது. இந்த வழக்குகளில் எல்லாம் ஒரு பக்கம் பந்தயத்தை நடத்திய கிளப், மறுபக்கம் அரசு. கேலரி ஆள் வெளியே நின்றார். ஜிஎஸ்டி கதையும் அதுதான்: கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. கீன்லேண்டில் சண்டை நடந்தது ஒன்றரை சதவீதத்துக்கு.

அடுத்த முறை எந்த ஊர் ரேஸுக்குப் போனாலும், சீட்டுக்குப் பணம் நீட்டுமுன் ஜன்னலில் ஒரு கேள்வி கேளுங்கள்: “இதுல பிடித்தம் எவ்வளவுங்க?”